நிவோலுமாப் ஊசி: சிறுநீரகப் புற்றுநோய்க்கு எடுத்துக்கொள்வோரும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நிவோலுமாப், ஒப்டிவோ என்ற பெயரில் வரும் ஊசி மருந்து. சிறுநீரகப் புற்றுநோய்க்கு இதைத் தனியாகவும் கொடுக்கிறார்கள், இபிலிமுமாப் என்ற இன்னொரு ஊசியோடோ கபோசாண்டினிப் மாத்திரையோடோ சேர்த்தும் கொடுக்கிறார்கள். ஊசி ஏறும் அந்த அரை மணி நேரம் பெரும்பாலும் அமைதியாகவே கழிந்துவிடும். கவனம் வேண்டியது அதற்குப் பிந்தைய வாரங்களில், நோயாளி வீட்டில் இருக்கும் நாட்களில். ஆகவே கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி வீட்டில் எதைப் பார்க்க வேண்டும், எப்போது போன் செய்ய வேண்டும் என்பதைப் பற்றியே இருக்கும்.

இது கீமோ மருந்தா?

இல்லை. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் அணுக்களை நேரடியாகக் கொல்லும். நிவோலுமாப் புற்றணுவைத் தொடுவதே இல்லை. நம் உடலின் எதிர்ப்பு அணுக்களில் ஒருவகையான டி அணுக்களின் மேல் பிடி-1 என்றொரு தடுப்பு இருக்கிறது. அதை அழுத்தினால் டி அணு ஓய்ந்துவிடும். புற்றணுக்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பதுபோல் அந்தத் தடுப்பை அழுத்தித் தப்பித்துக்கொள்கின்றன. நிவோலுமாப் அந்த இடத்தை மறைத்து உட்கார்ந்துகொள்கிறது, டி அணு மறுபடி விழித்துக்கொள்கிறது. இபிலிமுமாப் சிடிஎல்ஏ-4 என்ற மற்றொரு தடுப்பை விடுவிக்கிறது. இந்த இரண்டு தடுப்புகளையும் குறித்த ஆராய்ச்சிக்காகத்தான் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்தத் தடுப்புகளை உடல் காரணமில்லாமல் வைத்திருக்கவில்லை. எதிர்ப்பு அணுக்கள் சொந்த உறுப்புகளைத் தாக்காமல் காப்பதும் அவைதான். தடுப்பை எடுத்துவிட்டால் குடல், கல்லீரல், நுரையீரல், தைராய்டு என்று எதையும் அவை எதிரியாக நினைத்துவிடலாம். இந்த மருந்தின் பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து வருபவை.

யாருக்கு இது பொருந்தும்?

பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு. இரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மாத்திரை எடுத்தபிறகும் நோய் வளர்ந்தவர்களுக்குத் தனியாகக் கொடுக்கலாம். 2015இல் வெளியான ஆய்வில் இப்படிப்பட்ட 821 பேர் பங்கேற்றனர். நிவோலுமாப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் இதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்று பொருள்) 25 மாதம், எவரோலிமஸ் மாத்திரை பெற்றவர்களுக்கு 19.6 மாதம்.

முதல் சிகிச்சையாகவே இபிலிமுமாபோடு சேர்த்துக் கொடுப்பது நடுத்தர, கடும் அபாயப் பிரிவினருக்கு. பிரிவை ஆறு விஷயங்களை வைத்துக் கணக்கிடுகிறார்கள்: நோய் தெரிந்து ஓராண்டுக்குள்ளேயே மருந்து தேவைப்பட்டது, அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் குறைந்தது, ஹீமோகுளோபின் குறைவு, கால்சியம் அதிகம், நியூட்ரோபில் என்ற வெள்ளணு அதிகம், தட்டணுக்கள் அதிகம். ஒன்றோ இரண்டோ இருந்தால் நடுத்தரம், மூன்றும் அதற்கு மேலும் இருந்தால் கடுமை. உங்கள் கணக்கு என்ன என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த மருந்துச் சேர்க்கை என்று முடிவாவது அதை வைத்துத்தான்.

அளவு எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

தனியாகக் கொடுக்கும்போது பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மி.கி., அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை 480 மி.கி. எடை பார்க்கத் தேவையில்லை.

இபிலிமுமாபோடு சேரும்போது முதல் கட்டத்தில் எடைக் கணக்கு வருகிறது. ஒரு கிலோ எடைக்கு நிவோலுமாப் 3 மி.கி., அதே நாளில் அடுத்ததாக இபிலிமுமாப் 1 மி.கி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நான்கு தடவை. பிறகு நிவோலுமாப் மட்டும் மேலே சொன்ன நிலையான அளவில் தொடரும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நிவோலுமாப் 180 மி.கி. வரும். மில்லிக்கு 10 மி.கி. உள்ள குப்பியிலிருந்து 18 மி.லி. எடுக்க வேண்டும். இபிலிமுமாப் 60 மி.கி., மில்லிக்கு 5 மி.கி. குப்பியிலிருந்து 12 மி.லி.

இங்கே ஓர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். தோலில் வரும் மெலனோமா புற்றுநோய்க்கு இதே இரண்டு மருந்துகளை நேர்மாறான அளவில் கொடுக்கிறார்கள்: நிவோலுமாப் 1, இபிலிமுமாப் 3. இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால் இபிலிமுமாப் மூன்று மடங்கு போய்விடும். அதன் பக்கவிளைவுகள் அளவைப் பொறுத்து ஏறக்கூடியவை. ஊசி தொடங்கும் முன் "சிறுநீரகத்துக்கு, நிவோ மூன்று, இபி ஒன்று, இன்றைய எடை இவ்வளவு" என்று செவிலியரிடம் வாய்விட்டுச் சரிபார்ப்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல செவிலியர் அதை வரவேற்பார்.

பக்கவிளைவு வந்தால் அளவைக் குறைப்பார்களா?

மாட்டார்கள். கீமோவில் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றும். இந்த மருந்தை நிறுத்திவைப்பார்கள், அல்லது நிரந்தரமாக நிறுத்துவார்கள். பாதி அளவு என்பது கிடையாது. விழித்துக்கொண்ட டி அணுவைப் பாதி அளவு மருந்து பாதித் தூக்கத்துக்குக் கொண்டுபோகாது. உயிருக்கு ஆபத்தான விளைவு வந்தாலோ, கடுமையானது ஒன்று திரும்ப வந்தாலோ, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து தொடங்கி 12 வாரத்துக்குள் அதை (பிரெட்னிசோன் கணக்கில்) நாளொன்றுக்கு 10 மி.கி.க்கோ அதற்கும் கீழோ கொண்டுவர முடியாவிட்டாலோ பொதுவாக நிரந்தரமாக நிறுத்திவிடுவார்கள்.

முதல் ஊசிக்கு முன் மருத்துவரிடம் என்னென்ன சொல்ல வேண்டும்?

முடக்குவாதம், சொரியாசிஸ், குடல் அழற்சி நோய், லூபஸ் போன்று எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் நோய் எப்போதாவது வந்திருந்தால், ஆறிப்போயிருந்தாலும் சொல்லுங்கள். உறுப்பு மாற்று செய்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும், மாற்றிய உறுப்பை உடல் நிராகரிக்கும் அபாயம் உண்டு. மற்றொருவரின் எலும்பு மஜ்ஜை பெற்றிருப்பதும் அப்படியே. மார்பில் கதிர்வீச்சு எடுத்தது, மயஸ்தீனியா போன்ற நரம்பு-தசை நோய், இப்போது சாப்பிடும் ஸ்டீராய்டு, கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது ஆகியவையும் பட்டியலில் வர வேண்டும்.

தொடங்கும் முன் எடுக்கும் இரத்தப் பரிசோதனை மிக முக்கியம்: கல்லீரல் நொதிகள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், தைராய்டு, சர்க்கரை. பிறகு வரும் மாற்றத்தை எதோடு ஒப்பிடுவது என்பதற்கு இதுதான் அளவுகோல். அந்த முதல் அறிக்கையின் நகல் எப்போதும் உங்கள் கையில் இருக்கட்டும். வழக்கமாக ஒருநாளைக்கு எத்தனை தடவை மலம் கழிக்கிறீர்கள் என்பதையும் அதிலேயே குறித்துவைத்துவிடுங்கள், பின்னால் பயன்படும்.

ஊசி அறையில் என்ன நடக்கும்?

நரம்பில் சலைன்போல் சொட்டுச்சொட்டாக 30 நிமிடம் ஏற்றுவார்கள். ஊசிக் குழலால் ஒரேயடியாகச் செலுத்தவே கூடாது. குப்பியில் உள்ள மருந்து தெளிவாகவோ மெல்லிய பால்சாயலோடோ, நிறமில்லாமலோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். கலங்கியிருந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ எறிந்துவிட வேண்டும். இது ஒரு புரதம், குலுக்கினால் கெட்டுப்போகும். 0.9 சதவீத சலைனிலோ 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸிலோ மில்லிக்கு 1 முதல் 10 மி.கி. வரும்படி கலந்து பையை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். பெரியவர்களுக்கு மொத்தம் 160 மி.லி.யைத் தாண்டக் கூடாது. கலந்த பை அறை வெப்பத்தில் இருந்தால், கலக்கிய நேரத்திலிருந்து ஏற்றி முடிப்பதுவரை 8 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். குழாயில் 0.2 முதல் 1.2 மைக்ரான் துளையுள்ள, புரதம் ஒட்டாத வடிகட்டி இருக்க வேண்டும். இரண்டு மருந்தும் உண்டென்றால் தனித்தனிப் பை, தனித்தனி வடிகட்டி. நிவோலுமாப் முதலில். வேறெந்த மருந்தும் அதே குழாயில் கூடவே போகக் கூடாது.

ஏறும்போது குளிர்நடுக்கம், அரிப்பு, முகம் சிவத்தல், மூச்சிரைப்பு, தலைசுற்றல், முதுகுவலி எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். லேசானது என்றால் வேகத்தைக் குறைப்பார்கள் அல்லது சற்று நிறுத்துவார்கள். கடுமையானது என்றால் மருந்தையே கைவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்தபின் எதைக் கவனிக்க வேண்டும்?

முழுப் பக்கத்திலும் இதையாவது வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டும். தோல் அரிப்பும் தடிப்பும் பொதுவாக முதலில் வரும். குடலும் கல்லீரலும் அடுத்து, ஹார்மோன் சுரப்பிகள் அதற்கும் பின். இதற்குக் கண்டிப்பான கால அட்டவணை இல்லை. முதல் ஊசிக்குப் பிறகும் வரலாம், கடைசி ஊசி முடிந்து மாதங்கள் கழித்தும் வரலாம். மருந்தின் பாதி உடலிலிருந்து போகவே ஏறக்குறைய 25 நாள் ஆகிறது.

குடல்: வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு தடவை கூடினாலே போன் செய்ய வேண்டும். ஏழு தடவை கூடினாலோ, இரத்தமோ சளியோ கலந்தாலோ, வயிறு கடுமையாக வலித்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொற்றா, மருந்தின் விளைவா என்பது மலப் பரிசோதனை இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

நுரையீரல்: புதிதாக வரட்டு இருமல், நேற்று எளிதாக ஏறிய படியில் இன்று மூச்சு வாங்குவது. சிறுநீரகப் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவுவது சாதாரணம் என்பதால் "நோய்தான் கூடிவிட்டது" என்றோ "சளிதான்" என்றோ தவறாக நினைத்துவிடுகிறார்கள். சி.டி. ஸ்கேன் இல்லாமல் பிரித்தறிவது கடினம்.

கல்லீரல்: கண் மஞ்சளாவது, சிறுநீர் காப்பி நிறமாவது, வலப்பக்க மேல்வயிற்று வலி. இவை தெரிவதற்குள் பாதிப்பு முற்றியிருக்கும், இரத்தப் பரிசோதனை முன்கூட்டியே காட்டிவிடும். ஆகவே ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

சர்க்கரை: திடீரென்று தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, அசாதாரணச் சோர்வு. சில நாட்களில் கணையத்தின் இன்சுலின் அணுக்கள் அழிந்துவிடலாம். மூன்று மாதச் சராசரி காட்டும் சர்க்கரைப் பரிசோதனை அப்போது கிட்டத்தட்ட சரியாகவே இருக்கக்கூடும், ஏனெனில் சர்க்கரை ஏறிச் சில நாட்களே ஆகியிருக்கலாம். அதைப் பார்த்து ஏமாறாமல் அந்த நேரத்துச் சர்க்கரையையும், இன்சுலின் இல்லாதபோது இரத்தத்தில் சேரும் கீட்டோன் என்ற அமிலப் பொருளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இதயமும் தசையும்: அரிது, ஆனால் எல்லாவற்றிலும் கொடியது. நெஞ்சுவலி, படபடப்பு, கண்ணிமை தொங்குவது, இரண்டாகத் தெரிவது, விழுங்க முடியாமை, காரணமில்லாத தசைவலி. இவை சேர்ந்தே வருவதுண்டு. காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சாதாரண வயிற்றுப்போக்கு மாத்திரை போட்டுப் பார்க்கலாமா?

மருத்துவரிடம் பேசாமல் போடாதீர்கள். அந்த மாத்திரையில் வழக்கமாக இருக்கும் லோபெராமைடு குடலின் அசைவை அடக்குகிறது, குடற்சுவரில் நடக்கும் தாக்குதலை நிறுத்துவதில்லை. தடவை குறைந்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுவோம், உள்ளே புண் ஆழமாகிக்கொண்டே போய்க் குடல் ஓட்டையாகும் அளவுக்கும் வரலாம்.

கபோசாண்டினிப் சேர்ந்து எடுப்பவர்களுக்குச் சிக்கல் இரட்டிப்பு, அந்த மாத்திரையே வயிற்றுப்போக்கைத் தரும். மருத்துவர் பல சமயம் மாத்திரையை மட்டும் சில நாள் நிறுத்திப் பார்ப்பார். மாத்திரையின் வேலை என்றால் சில நாட்களில் தணிய ஆரம்பிக்கும். தணியவில்லை என்றால் சந்தேகம் ஊசியின் மேல் போகும். கல்லீரல் நொதிகள் ஏறும்போதும் இதே குழப்பம் உண்டு. ஊசியோடு சேரும்போது கபோசாண்டினிப் அளவு நாளுக்கு 40 மி.கி., வெறும் வயிற்றில். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்து, பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது.

ஸ்டீராய்டு எடுத்தால் புற்றுநோய் மருந்தின் பலன் போய்விடாதா?

இந்த பயத்தால் அறிகுறியை மறைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பக்கவிளைவை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டால் ஏற்கெனவே கிடைத்த பலன் அழிந்துபோவதில்லை. மருந்தை நிறுத்திய பிறகும் கட்டி சுருங்கியே இருப்பவர்கள் பலர். தாமதம்தான் உயிருக்கு ஆபத்து.

கடுமையான விளைவுக்கு வழக்கமான தொடக்க அளவு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1 முதல் 2 மி.கி. பிரெட்னிசோலோன். 60 கிலோ என்றால் 60 முதல் 120 மி.கி. அறிகுறி தணிந்ததும் குறைந்தது நான்கு வாரம் படிப்படியாகக் குறைப்பார்கள். பெரும்பாலோர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்: ஐந்து நாளில் உடம்பு தேறியதும் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், பத்தாவது நாள் அழற்சி முன்பைவிட மோசமாகத் திரும்புகிறது. எழுதிக்கொடுத்த குறைப்பு அட்டவணையைச் சுவரில் ஒட்டி ஒவ்வொரு நாளும் அடித்துக்கொண்டு வாருங்கள். இந்தக் காலத்தில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும், வயிற்றைக் காக்க மருந்து வேண்டும், நாளுக்கு 20 மி.கி.க்கு மேல் நான்கு வாரம் நீடித்தால் ஒருவகை நுரையீரல் தொற்றைத் தடுக்க கோட்ரைமாக்சசோல் வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

குடல் அழற்சி சில நாட்களில் ஸ்டீராய்டுக்கு அடங்காவிட்டால் எதிர்ப்பாற்றலை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்தைக் கொடுப்பார்கள். அதற்கு முன் காசநோயும் ஹெபடைட்டிஸ் பி-யும் இல்லை என்று பார்க்க வேண்டும். கல்லீரல் அழற்சிக்கு இன்ஃப்ளிக்சிமாபைத் தவிர்ப்பார்கள், அதுவே கல்லீரலைக் கெடுக்கக்கூடியது. அங்கே மைகோபினோலேட் என்ற வேறொரு மருந்து.

தைராய்டு பாதித்தால் ஊசியை நிறுத்த வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. முதலில் சில வாரம் தைராய்டு அதிகமாகி, பிறகு குறைந்து அப்படியே நின்றுவிடும். தைராக்ஸின் மாத்திரை நீண்ட காலம், பலருக்கு வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும். அதோடு ஊசி தொடரலாம்.

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வேறு கதை. புதிதாகத் தலைவலி, எழுந்தால் மயக்கம், விவரிக்க முடியாத களைப்பு என்றால், முக்கியமாக இபிலிமுமாப் பெற்றவர்களுக்கு, காலை நேரக் கார்டிசோலை, அதாவது உடலே சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோனை, இரத்தத்தில் பார்க்க வேண்டும். கார்டிசோலும் தைராய்டும் இரண்டும் குறைந்திருந்தால் கார்டிசோலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோனை முதலில் தொடங்க வேண்டும், தைராக்ஸின் அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் தைராக்ஸின் உடலின் வேகத்தைக் கூட்டி, இருக்கும் கொஞ்சக் கார்டிசோலையும் தீர்த்துவிடும், இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

ஒரு சிறுநீரகம் எடுத்தாகிவிட்டது. மீதி ஒன்று தாங்குமா?

நிவோலுமாப் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து அல்ல. மற்றப் புரதங்களைப்போல் உடலே அதைச் சிதைத்துவிடும். ஆகவே ஒரு சிறுநீரகம் என்பதற்காக அளவை மாற்றுவதில்லை. ஆனால் அந்த ஒரு சிறுநீரகத்தை எதிர்ப்பு அணுக்கள் தாக்கினால் ஈடுகட்ட இன்னொன்று இல்லை. இந்த அழற்சி பெரும்பாலும் வலி தராது, கிரியேட்டினின் ஏறுவது மட்டுமே அடையாளம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைக் கேட்காமல் போடாதீர்கள். ஒமெப்ரசோல் வகை அமில மாத்திரை பழக்கமாக ஓடிக்கொண்டிருந்தால் உண்மையில் தேவையா என்று கேளுங்கள். இந்த இரு வகையும் சிறுநீரக அழற்சிக்குத் துணைபோகக்கூடியவை.

முறை தவறிவிட்டால்?

உடனே மருத்துவமனையை அழைத்து வேறொரு தேதி வாங்குங்கள். இரண்டு தவணையைச் சேர்த்துப் போடுவதில்லை. சில நாள் தள்ளிப்போவதால் பெரிய நட்டம் வராது.

தோலுக்கடியில் போடும் ஊசி வந்திருக்கிறதாமே?

ஆம். ஹயலுரோனிடேஸ் என்ற நொதி சேர்த்த நிவோலுமாப், 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வயிற்றிலோ தொடையிலோ 3 முதல் 5 நிமிடத்தில் மருத்துவப் பணியாளர் போடுவார். அளவு எண்கள் வேறு: இரண்டு வாரத்துக்கு 600 மி.கி., நான்கு வாரத்துக்கு 1200 மி.கி. நரம்பில் ஏற்றும் குப்பியை ஒருபோதும் தோலடியில் போடக் கூடாது, இதை நரம்பிலும் போடக் கூடாது. பக்கவிளைவுகளைக் கவனிக்கும் முறையில் எந்த மாற்றமும் இல்லை.

குழந்தைப் பேறு, தடுப்பூசி?

மருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து கருவைப் பாதிக்கும். பெண்கள் சிகிச்சையின்போதும் கடைசி ஊசிக்குப் பின் 5 மாதமும் கருத்தடை செய்துகொள்ள வேண்டும். அதே 5 மாதம் தாய்ப்பாலும் கூடாது. உயிரிழந்த கிருமித் தடுப்பூசிகளை, ஃப்ளூ ஊசி போன்றவற்றை, போட்டுக்கொள்ளலாம். உயிருள்ள கிருமி கொண்டவற்றை மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எவ்வளவு காலம் எடுக்க வேண்டும்?

தனியாக என்றால் பலன் இருக்கும்வரை, உடல் தாங்கும்வரை. கபோசாண்டினிபோடு சேரும்போது நிவோலுமாப் அதிகபட்சம் இரண்டு ஆண்டு. முதல் ஸ்கேனில் கட்டி சற்றுப் பெரிதாகத் தெரிந்து, உடல்நிலை நன்றாகவே இருந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லக்கூடும். எதிர்ப்பு அணுக்கள் குவிந்து கட்டி வீங்கித் தெரிவதுண்டு. சிறுநீரகப் புற்றுநோயில் இது குறைவு, ஆகவே உடலும் தளர்ந்து கட்டியும் வளர்ந்தால் அதைச் சாக்காகச் சொல்லிக் காத்திருக்கக் கூடாது.

இரவில் வேறு மருத்துவமனைக்கு ஓட வேண்டி வந்தால் என்ன சொல்வது?

"கீமோ எடுக்கிறார்" என்று சொல்லாதீர்கள். அவர்கள் வெள்ளணு எண்ணிக்கையைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடலாம். "எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புற்றுநோய் ஊசி, நிவோலுமாப், கடைசியாக இந்தத் தேதியில் போட்டது, உறுப்பு அழற்சியாக இருக்கலாம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இதையே ஒரு அட்டையில் எழுதி, மருந்துகளின் பெயர், முதல் ஊசித் தேதி, கடைசி ஊசித் தேதி, புற்றுநோய் மருத்துவக் குழுவின் இரவு நேர எண், தற்போதைய ஸ்டீராய்டு அளவு ஆகியவற்றைச் சேர்த்து, நோயாளியின் பணப்பையில் ஒன்றும் வீட்டாரின் கைப்பேசியில் படமாக ஒன்றும் வைத்திருங்கள். கடைசி ஊசிக்குப் பின் ஓராண்டாவது அந்த அட்டை அங்கேயே இருக்கட்டும்.